ஏற்காடு ஏறும் காருக்கு ஆயில் கேட்ச் கேன்: டப்பாவை வைத்துக்கொள்ளலாம், ஹோஸைத் தூக்கிப் போடுங்கள்

எஞ்சினிலிருந்து வரும் புகையில் உள்ள ஆயிலை, அது மறுபடி எஞ்சினுக்குள் போகும் முன் பிடித்துவைக்கும் டப்பாதான் ஆயில் கேட்ச் கேன். ஆன்லைனில் கம்பெனி பெயர் இல்லாமல் விற்கும் அலுமினிய ஆயில் கேட்ச் கேன் கிட், ஏறத்தாழ 1,500 ரூபாயில் தொடங்கி 3,500 வரை போகிறது. கறுப்பு, சிவப்பு, நீலம் என்று வண்ணம் மாறும், விற்பவர் பெயர் மாறும், டப்பா பெரும்பாலும் ஒன்றேதான். 300 முதல் 500 மி.லி. கொள்ளளவு, உள்ளே தடுப்புத் தகடு, மேலே இரண்டு வாய், கீழே வடிகால் திருகு. ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் ஓடிய அந்த 1248 சி.சி. டீசல் மாதிரியான டர்போ எஞ்சினில் இதை மாட்டி, சேலம் வெயிலிலும் ஏற்காடு மலைப் பாதையிலும் ஓட்டினால் எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பார்ப்போம். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். டப்பாவுக்கு ஐந்துக்கு மூன்றரை. பிராக்கெட்டுக்கு ஒன்றரை. கூட வரும் ஹோஸுக்கு முட்டை.

வேலை என்ன என்று பார்த்துவிட்டால் குறைகள் தானாகப் புரியும். பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். நம்மூர் மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். இறங்கிய வாயு வெளியே போக வழி இல்லாவிட்டால் சீல்களைப் பிதுக்கிவிடும். அதனால் டப்பெட் கவரிலிருந்து (எஞ்சின் தலைமேல் உள்ள மூடி) ஒரு பிரீத்தர் பைப் (மூச்சுக் குழாய்) வழியாக அதை மறுபடி இன்டேக்குக்கே (எஞ்சின் காற்றை இழுக்கும் பாதை) அனுப்பி எரிக்கிறார்கள். போகிற வாயு சும்மா போவதில்லை, ஆயில் புகையையும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. டீசலில் இது டர்போவுக்கு முன்னால் சேர்ந்து, இன்டர்கூலரில் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) கொஞ்சம் தேங்கி, மிச்சம் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) போய் ஈ.ஜி.ஆர். (சைலன்சர் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் ஏற்பாடு) வழியாக வரும் கரியோடு கலக்கிறது. ஆயிலும் கரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று லட்சம் கி.மீ. ஓடிய டீசலின் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தார் மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு. டப்பாவின் வேலை, அந்த ஆயிலை நடுவழியில் பிடித்துவைப்பது மட்டுமே. ஏற்கெனவே படிந்ததைக் கரைக்காது. மேனிஃபோல்டை ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டினால் பலன் உண்டு. குழம்பை அப்படியே விட்டுவிட்டு மாட்டுவது, அடைத்த சாக்கடைக்கு மேலே புதுசாக மூடி போடுவது போலத்தான். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதை விளம்பரம் என்று தள்ளிவிடுங்கள்.

எல்லாக் காருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். டர்போ இல்லாத, மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் அந்தப் பெட்ரோலே இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டிருக்கும். அங்கே 2,000 ரூபாய் செலவழிப்பது வீண். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் எஞ்சின்களில் (ஹூண்டாய் 1.0 டி-ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ வகை) வால்வைக் கழுவ எதுவும் இல்லை, ஆயில் அங்கே சுட்டுக் கரியாக ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கும், ஈ.ஜி.ஆர். உள்ள டர்போ டீசலுக்கும் கேட்ச் கேன் நியாயமான பொருள். ஆனால் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் காரில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சில புதிய எஞ்சின்களில் பி.சி.வி.யும் (இந்த வாயுவை அளந்து விடும் வால்வு) ஆயில் பிரிப்பானும் கவருக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே வெட்டி இணைக்க ஹோஸே இருக்காது. பானெட்டைத் திறந்து ஹோஸ் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, டப்பாவின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது. மேலேயே எதிரெதிரே இரண்டு ஓட்டை, நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உள்ளே வரும் காற்று நேராக மறு வாய் வழியாகப் போய்விடும், ஆயில் பிடிபடாது. நல்ல டப்பாவில் உள்ளே வரும் வாயு ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும், அல்லது சுவரில் மோதும். வெளியேறும் வாய் ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் உயரத்தில் இருக்கும். வாயு திசை மாறும்போது இலேசான காற்று திரும்பிவிடும், கனமான ஆயில் துளி திரும்ப முடியாமல் சுவரில் ஒட்டிக் கீழே வழியும். இவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

இரண்டாவது, கடைசல் துகள். அலுமினியத்தைக் கடைந்த சுருள் தூள் மரையிலும் மூலையிலும் ஒட்டியிருக்கும். அது போய்ச் சேரும் இடம் டர்போவின் கம்ப்ரஸர். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, சோப்பு போட்ட வெந்நீரில் கழுவி, கம்ப்ரஸர் காற்று அடித்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் காருக்குள் போக வேண்டும். சேலம் வெயிலில் அரை மணி நேரம் போதும்.

உள்ளே இருக்கும் தடுப்பு பத்தாது என்று தோன்றினால் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் ஒன்று அல்லது இரண்டு போதும். உருக்காலை ஊரில் அதற்கா பஞ்சம்? தளர்வாக, டப்பாவின் மேல் பாதிக்குள் மட்டும் இருக்கும்படி வைத்து, ஓட்டை போட்ட தகடு ஒன்றால் அதை அசையாமல் பிடிக்க வேண்டும். இறுக்கி அமுக்கினால் காற்று போகாது. சாதாரண இரும்பு நார் துருப்பிடித்துப் பொடியும், ஸ்பாஞ்ச் ஆயிலில் கரைந்து கூழாகும். இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

அடுத்து வருவது ஹோஸ். கிட்டோடு வரும் ஒரு மீட்டர் சொச்சம் ஹோஸ் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். பலவற்றில் அது சாதாரண ரப்பர், சிலவற்றில் நூல் பின்னிய பி.வி.சி. பி.வி.சி. எஞ்சின் சூட்டில் முதலில் இளகி, வாக்யூமில் சப்பி, பிறகு கட்டையாகிக் கிளிப் பக்கத்தில் வெடிக்கும். சாதாரண ரப்பர் ஆயிலைக் குடித்து உப்பும். "ரேடியேட்டர் ஹோஸ் நல்ல கனமா இருக்கு, அதையே போடலாமே" என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். ரேடியேட்டர் ஹோஸும் ஹீட்டர் ஹோஸும் ஈ.பி.டி.எம். ரப்பர். தண்ணீருக்குக் கில்லாடி, ஆயில் பட்டால் சில மாதத்தில் பஞ்சு. உள்பக்கம் உரிந்து மடிப்பாகத் தொங்கிப் பாதையை அடைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

கேட்க வேண்டியது நைட்ரைல் ரப்பர் ஃப்யூயல் ஹோஸ். மேலே எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி, அந்த வகை எரிபொருளுக்கும் பி.சி.வி. லைனுக்கும் என்றே உள்ளது. டர்போவை ஒட்டி ஓட வேண்டிய இடத்தில் அதைவிடச் சூடு தாங்கும் 30ஆர்9 எடுங்கள். லாரி ஓடும் ஊர் என்பதால் நல்ல ஆயில் ஹோஸ் கிடைப்பது சேலத்தில் கஷ்டமில்லை, லாரி ஸ்பேர்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இரண்டு மீட்டர் வாங்கினால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். வளைவில் ஹோஸை மடக்காதீர்கள், 90 டிகிரி வார்ப்பு எல்போ போடுங்கள். ஹோஸ், எல்போ, கிளிப், பிராக்கெட் எல்லாம் சேர்த்தால் கிட் விலையில் பாதியாவது மேலே ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள்.

ஹோஸை விடப் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிட்டில் வரும் நிப்பிள்கள் 9, 12, 15 மி.மீ. என்று இருக்கும். அது வெளி அளவு. உள் ஓட்டையை வெர்னியர் வைத்துப் பாருங்கள்: 12 மி.மீ. நிப்பிளின் உள்ளே 9 மி.மீ.தான் இருக்கும். காரின் பழைய பிரீத்தர் பைப்பின் உள்விட்டம் 19 மி.மீ. என்றால், 19-ஐ 19-ஆல் பெருக்கினால் 361, 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81. பாதை கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. வாயுவுக்கு வழி குறுகினால் கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதி அறை) அழுத்தம் ஏறும். டிப்ஸ்டிக் மேலே எழும்பி நிற்கும், டப்பெட் கவர் கேஸ்கெட் கசியும், கடைசியில் கிளட்ச் பக்கமுள்ள கிராங்க் சீல் போகும். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். 2,000 ரூபாய் டப்பா எவ்வளவு பெரிய செலவைக் கூட்டி வரும் என்று பாருங்கள். கம்பெனி ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையாத நிப்பிள்தான் போட வேண்டும். கிட்டில் இல்லையென்றால் லேத் பட்டறையில் டப்பாவின் வாயைப் பெரிதாக்கிப் புது நிப்பிள் கடைந்து வாங்குவது பெரிய வேலை இல்லை.

மேலே சின்னதாக ஒரு காளான் மாதிரி பிரீத்தர் ஃபில்டர் கொடுத்திருப்பார்கள். கழற்றிவிட்டு அந்த ஓட்டையைத் திருகு போட்டு அடையுங்கள். அதை வைத்து இன்டேக் பக்கத்தை அடைத்துவிட்டு வெளியே புகை விடுவது சிலருக்குப் பழக்கம். கிராங்க் கேஸ் புகை வெளியே போகக் கூடாது என்பது மாசு விதி. அதோடு அந்த நாற்றம் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஏ.சி. துவாரம் வழியாக நேரே கேபினுக்குள் வரும். மலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகளோடு போகும்போது அது வேண்டாத வேலை. இரண்டு பக்கமும் இணைத்துவிட்டு இந்த ஃபில்டரையும் விட்டுவைத்தால் பெட்ரோல் காரில் அளவெடுக்காத காற்று உள்ளே போய், ஐட்லிங் ஏறி இறங்கி, செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று வரும். ஆயில் அளவு பார்க்கப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயும் அதே கதைதான், மஞ்சளாகி விரிசல் விடும். இரண்டு முனையிலும் பித்தளைத் திருகு போட்டுவிட்டு, அளவுக்கு மூடியோடு வரும் குச்சியை நம்புங்கள்.

பொருத்தும் இடம். டப்பா குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி ஆயிலாகும். டர்போ, சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் வேண்டாம். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பேட்டரி ஓரமாக, முன் கிரில் காற்று படும் மூலை சரியான இடம். டப்பெட் கவர் வாயைவிடக் கீழே இருக்க வேண்டும், எஞ்சினிலிருந்து வரும் ஹோஸ் சரிவாக இறங்கி டப்பாவுக்கு வர வேண்டும். நடுவில் தொய்ந்து தூளி மாதிரி தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கிப் பாதையை அடைத்துவிடும். போக, வர இரண்டு ஹோஸும் சேர்ந்து ஒன்றேகால் மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவை பாடியில் மாட்டுகிறோம், எஞ்சினோ மவுண்டிங்கில் ஆடும். அதனால் ஹோஸில் நாலைந்து செ.மீ. தளர்வு விட வேண்டும். யாரையாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே ஹோஸை வெட்டுங்கள்.

கிட் பிராக்கெட் ஒன்றரை மி.மீ. தகடு. சமதளத்தில் சமாளிக்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் காரில், மடிப்பு விழுந்த இடத்தில் விரிசல் விடுவதற்கு நாள் குறித்துக்கொள்ளலாம். லேத் பட்டறையில் 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையில் எல் வடிவில் அடித்து, மூலையில் ஒரு முக்கோணத் தாங்கல் வெல்டு வைத்து, ரப்பர் புஷ் போட்டு மாட்டினால் கவலை இல்லை. 6 மி.மீ. போல்ட், அகல வாஷர், நைலாக் நட். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், ஆளின் பலத்தைக் காட்ட வேண்டாம். பாடியில் புதுசாக ஓட்டை போடும் முன் பின்பக்கம் ஒயரிங், பிரேக் பைப் ஓடவில்லை என்று பாருங்கள். ஏ.பி.எஸ். யூனிட்டின் போல்ட்டையும் எர்த் நட்டையும் கடன் வாங்காதீர்கள்.

மாட்டும் வரிசை எளிது. எஞ்சின் ஆறிய பிறகு கம்பெனி பிரீத்தர் ஹோஸைக் கழற்றி, வெட்டாமல் அப்படியே ஒரு கவரில் போட்டு வைக்கவும், என்றாவது தேவைப்படும். டப்பெட் கவர் வாயிலிருந்து டப்பாவின் 'இன்', 'அவுட்'டிலிருந்து டர்போவுக்கு முந்தைய இன்டேக் குழாய். மாற்றிப் போட்டால் தடுப்புத் தகடு இருந்தும் இல்லாததற்குச் சமம். எழுத்து இல்லாத டப்பா என்றால் உள்ளே குழாய் கீழே இறங்கும் வாய்தான் 'இன்'. திருகு கிளிப் போடுகிறீர்கள் என்றால் பல் ஹோஸை அறுக்காத, உள் பக்கம் வழுவழுப்பான கிளிப்பாகப் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப் இன்னும் நல்லது, ஹோஸ் சுருங்கினாலும் பிடி விடாது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள், துணுக்கு உள்ளே போகாது. கையில் டூல்ஸ் இருந்தால், பிராக்கெட் தயாராக இருந்தால், இரண்டு மணி நேர வேலை.

பெட்ரோல் காரில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே இரண்டு பைப் இருக்கும். ஒன்று பி.சி.வி. வால்விலிருந்து மேனிஃபோல்டுக்கு, வாக்யூம் இழுக்கும் பக்கம். இன்னொன்று ஏர் ஃபில்டர் குழாயிலிருந்து டப்பெட் கவருக்கு நல்ல காற்று வரும் பக்கம். டப்பா போக வேண்டியது முதலாவதில், பி.சி.வி. வால்வுக்குப் பிறகு. வால்வைக் கழற்றிவிட்டு டப்பாவை மட்டும் மாட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். எவ்வளவு காற்று இழுக்கலாம் என்று அளந்து விடுவதே அந்த வால்வுதான், அது போனால் ஐட்லிங்கும் போகும். டர்போ பெட்ரோலில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறியதும் மேனிஃபோல்டு பக்கம் மூடிக்கொள்ளும், வாயு இரண்டாவது பைப் வழியாகத் திரும்பி டர்போவுக்கு முன்னால் போகும். அதாவது மலை ஏறும்போது, ஆயில் அதிகம் வரும் நேரத்தில், முதல் பைப்பில் மாட்டிய டப்பா சும்மா இருக்கும். அதற்கு இரண்டு 'அவுட்', இரண்டு செக் வால்வு (ஒருவழி வால்வு) உள்ள டப்பா வேண்டும். இந்த விலைக் கிட் அதற்குப் போதாது.

மாட்டியது சரியா என்று தெரிந்துகொள்ள ஸ்கேனர் தேவையில்லை, மருந்துக் கடை சலைன் குழாய் போதும். குழாயை 'யு' மாதிரி வளைத்து ஒரு அட்டையில் ஒட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுக் கசியாமல் செருகவும், மறுமுனை திறந்தே இருக்கட்டும். எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் தண்ணீர் மட்டம் எத்தனை செ.மீ. நகர்கிறது என்று குறித்துக்கொள்ளவும். டப்பா இல்லாமல் ஒருமுறை, டப்பாவோடு ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று செ.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. டப்பா போட்டதும் எஞ்சின் பக்கத்திலிருந்து அழுத்தம் ஏறித் திறந்த முனையை நோக்கித் தண்ணீர் தள்ளப்பட்டால், எங்கோ வழி குறுகிவிட்டது: நிப்பிள், அமுங்கிய நார், மடங்கிய ஹோஸ், இந்த மூன்றில் ஒன்று. பெட்ரோல் காரை வாக்யூம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். கீழே 18 இன்ச் (பாதரச அளவு) காட்டிய அதே எஞ்சின் மேலே 14 தான் காட்டும். காற்று மெலிந்ததால் வரும் வித்தியாசம் அது, ஹோஸ் கசிகிறது என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

டப்பா உண்மையில் பிடிக்கிறதா என்பதற்குச் சோதனை, 'அவுட்' ஹோஸை 500 கி.மீ. கழித்துக் கழற்றி, வெள்ளை பனியன் வேஸ்ட்டைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைப்பது. இலேசான பழுப்பு என்றால் நல்லது. ஆயில் சொட்டினால் தடுப்பு போதவில்லை. ஏப்ரல், மே மாத சேலத்தில் பானெட்டுக்குள் டப்பாவே சுடும், அதனால் ஆவியாகவே கொஞ்சம் தாண்டிப் போகும். அது டப்பாவின் குறை இல்லை, அதற்காக நாரை அடைத்துத் திணிக்க வேண்டியதில்லை.

மலைப் பாதையில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஏறும்போது இரண்டாவது கியரில் முழு லோடில் நெடுநேரம் இழுப்பதால் பேக் கம்ப்ரஷன் அதிகம், டப்பாவில் சேர்வதும் அதிகம். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தால் டர்போ தன் பங்குக்கு பிரீத்தர் பக்கமிருந்து இன்னும் பலமாக உறிஞ்சும், ஆகவே டப்பா மாட்டும் அன்றே புது ஏர் ஃபில்டர். இறங்கும்போது வேறு பிரச்சினை. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய, பிரேக்கில் முன்னால் குனிய, டப்பாவுக்குள் ஆயில் அலம்பும். பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறக்கும் நேரத்தில்தான் மேனிஃபோல்டு வாக்யூம் உச்சத்தில் இருக்கும். பாதிக்கு மேல் நிறைந்த டப்பா என்றால் பிடித்துவைத்த ஆயிலை ஒரே வாயாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோலில் நீலப் புகையோடு போகலாம். டீசலில் அது விபரீதம். உள்ளே வரும் ஆயிலையே எரிபொருளாக்கி எஞ்சின் தன்னிஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பிக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் மேல் கியரில் போட்டு பிரேக்கை முழுதாக அழுத்திக் கிளட்சை விட்டு அணைத்துவிட வேண்டும், யோசிக்க நேரம் கிடைக்காது. எனவே மலை ஏறும் முன் டப்பா காலியாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள்.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு வேறு கதை. மார்கழிக் குளிரில் ஏரிக்கும் கடைத்தெருவுக்குமாக இரண்டு, மூன்று கி.மீ. ஓட்டி நிறுத்தும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறவே ஏறாது. எரிந்த வாயுவில் உள்ள நீராவி டப்பாவில் குளிர்ந்து, ஆயிலோடு கலந்து, மோரில் வெண்ணெய் மிதப்பது போல மஞ்சள் வெள்ளையாகத் திரளும். பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கூலன்ட் மட்டம் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் அது வெறும் ஈரம். அங்கே 500 கி.மீ.க்கு ஒருமுறை காலி செய்யுங்கள், வாரம் ஒருமுறையாவது சேலம் வரை இறங்கி ஏறினால் எஞ்சினுக்கும் நல்லது. சேலத்திலேயே ஓடும் காருக்கு முதல் முறை 1,000 கி.மீ.யில் பார்த்துவிட்டு, சேரும் அளவைப் பொறுத்து 2,000 அல்லது 3,000-க்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். மலைக்குப் போகும் வாரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

1,000 கி.மீ.க்கு சில ஸ்பூன் சேர்வது சகஜம். 100 மி.லி.யைத் தாண்டினால் டப்பா நன்றாக வேலை செய்கிறது என்று பூரிக்காதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், மேல் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றியிருந்தாலே இப்படி வரும். ஆயில் சரியென்றால் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய நேரம். டப்பாவில் சேர்ந்த ஆயில் எஞ்சினிலிருந்து குறைந்ததுதான் என்பதால், காலி செய்யும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கையும் பார்ப்பது பழக்கமாகட்டும்.

இதைவிட நல்லது வேண்டும் என்றால் மான் ஹம்மல் கம்பெனியின் புரோவென்ட் 200 இருக்கிறது. உள்ளே நுண்ணிய ஆயில் துளிகளை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் மாற்றக்கூடிய ஃபில்டர், அது அடைத்தால் அழுத்தத்தைத் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வு, பெரிய வாய். டீசலுக்கு என்றே யோசித்துச் செய்தது. விலை இந்த கிட்டைப் போலப் பல மடங்கு, உருவமும் பெரிது, சின்னக் காரின் பானெட்டுக்குள் இடம் தேட வேண்டும். பெரிய எஸ்.யு.வி. டீசலை வாரா வாரம் மலை ஏற்றுபவர்கள் நேராக அதற்குப் போகலாம். முதலில் சொன்ன 1248 சி.சி. (1.3 லிட்டர்) டீசலுக்கு, மேலே சொன்ன ஹோஸ், நிப்பிள், பிராக்கெட் மாற்றங்களோடு இந்தக் கிட்டே தாராளம். மாற்றங்கள் செய்ய மனமில்லை என்றால் வாங்காமல் இருப்பது மேல், கம்பெனி பைப் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

காலி செய்யும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கீழே ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்து வடிகால் திருகைத் திறந்தால் போதும். வருவதில் டீசல், அமிலம், தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும். நல்ல ஆயில்தானே என்று திரும்ப எஞ்சினில் ஊற்றிவிடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடியது என்பதால் வீட்டில் சேர்த்தும் வைக்காதீர்கள். ஏரிக் கரையிலோ காபித் தோட்டத்து ஓரத்திலோ கொட்டாமல், அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது பட்டறையின் பழைய ஆயில் பீப்பாயில் ஊற்றிவிடுங்கள். திருகை மறுபடி மாட்டும்போது அதன் ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், அந்த இடத்தில் கசிந்தால் பெட்ரோல் காரில் மறுபடி அதே பி0171 வந்து நிற்கும்.